மஞ்சள் அட்டை, பத்து நிமிஷம்

உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்துவிட்டேன். இந்த நாற்காலி எனக்குப் புதிதா என்ன. பதினான்கு வருஷ ஆட்டத்தில் எத்தனை ஊர், எத்தனை மைதானம், எல்லா ஊரிலும் இதே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றுக்கும் ஒரு கால் ஆடும். சோலையப்பனுக்கு மாமியார் வீட்டில்கூட இவ்வளவு பாத்தியதையான நாற்காலி கிடையாது என்று எங்கள் கோல்கீப்பர் சொல்லுவான். மஞ்சள் அட்டை காட்டினால் பத்து நிமிஷம் வெளியே உட்கார வேண்டும், அதுவரை நம் அணி பத்துப் பேரோடு முட்டி மோதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சட்டம். டேபிளில் இருக்கிற கோமதிநாயகம் சார் ஸ்டாப்வாட்சை அமுக்கி என் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார், நான் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவேன் என்று அனுபவத்தில் கண்டவர். ஒன்பது நிமிஷம் நாற்பது நொடி. டர்ஃபில் தண்ணீர் அடித்திருக்கிறார்கள், சித்திரை வெயில் இன்னும் இறங்கவில்லை, நீலத் தரையிலிருந்து ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கிறது. கோவில்பட்டியில் ஹாக்கி பார்க்க வருகிறவன் கண்ணை மட்டும் கொண்டு வருவதில்லை, வாயையும் சேர்த்துத்தான் கொண்டு வருவான். சோலை, நாற்காலிய அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரு என்று கேலரியில் ஒருத்தன் கத்துகிறான், நாலு வரிசை சிரிக்கிறது. சிரிக்கட்டும். இன்றைக்கு அரையிறுதி, தோற்றால் இதுதான் என் கடைசி ஆட்டம், ஜெயித்தால் இன்னும் ஒன்று. ஜூன் முதல் தேதியிலிருந்து ஆபீசில் டெஸ்பாட்ச் பிரிவில் உட்கார வேண்டும் என்று ஆர்டர் வந்துவிட்டது, முப்பத்தாறு வயதுக்கும் தேய்ந்துபோன இரண்டு முட்டிக்கும் அதுதான் மரியாதை என்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. வங்கி அணியின் ஃபார்வர்டு சகாயதாசின் வலது கையை ஒடிக்க வேண்டும். அதைச் செய்யப் போய்த்தான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒடியவில்லை. ஒடிந்தால் நமக்கே தெரியும், மட்டை வழியாக ஒரு சின்ன நொறுங்கல் உள்ளங்கைக்கு வந்து சேரும், முறுக்கைக் கடித்த மாதிரி. சேலத்தில் ஒருத்தனுடைய சுண்டுவிரலும் பெங்களூரில் ஒருத்தனுடைய மணிக்கட்டும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. இன்றைக்கு வரவில்லை. தோல்தான் கிழிந்தது, நடுவிரல் முட்டியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது, ரத்தம் டர்ஃபில் சொட்டித் தண்ணீரோடு பரவியது. பந்து அப்போது அங்கே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், பந்து மூன்று கஜம் தள்ளிப் போய்விட்டது, நான் பார்த்தது கையை மட்டும்தான். சகாயதாஸ் கத்தவில்லை. அவன் கத்தவே மாட்டான். கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு முட்டியில் உட்கார்ந்தான், அம்பயர் சட்டைப்பைக்குள் கையை விட்டபோது நிமிர்ந்து பார்த்து, "விடுங்க சார், நாந்தான் குறுக்க போயிட்டேன்" என்றான். அடி வாங்கினவன் அடித்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறான். அம்பயரே ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்தார். அப்புறம் நான் வெளியே நடந்தபோது என் தோளோடு ஒட்டி வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "இன்னும் எத்தன வருசம்ணே" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் அங்கேயே திருப்பி ஒன்று கொடுத்திருப்பேன். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அடுத்த வண்டி எப்போது என்று கேட்கிற மாதிரி கேட்டான். அவனோ விரலில் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்துவிட்டான், நான் இல்லாத இடத்தில் புகுந்து புகுந்து ஓடுகிறான். எட்டு நிமிஷம் ஐம்பது.

"என்னண்ணே இது. தோல உரிச்சு விட்டுட்டு வந்து ஒக்காந்திருக்க. அவன் என்ன கோழியா." முதுகுக்குப் பின்னால் கம்பி வலை, வலைக்கு அந்தப் பக்கம் என் தம்பி கருத்தப்பாண்டி, எனக்குக் கருத்தான். திரும்பிப் பார்க்காமலே, "திரும்பப் போவேன்லா, இரு" என்றேன். "போவ, போவ. அதுக்குள்ள அவன் ரெண்டு கோல் போட்டுருவான். கைய ஒடிச்சுட்டு வான்னா கை குலுக்கிட்டு வந்து நிக்க." அவன் வாயிலிருந்து வெல்லப்பாகு வாசனை வருகிறது, கடலைமிட்டாய்ப் பட்டறையிலிருந்து நேரே வந்திருப்பான், சட்டையில், மயிரில், நகத்தில் எல்லாம் பாகு. அவனுக்கு இடது கண் இல்லை. கண்ணாடிக் கண் வைத்தார்கள், நான் என்ன பொம்மையா என்று மறுநாளே கழற்றி எறிந்துவிட்டான், இமை உள்ளே விழுந்து சுருங்கிக் கிடக்கும். ஒற்றைக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், தூரம் தெரியாது, இதை எனக்கு டாக்டர் சொல்லவில்லை, அவன் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். செம்பைச் சாய்ப்பான், தம்ளருக்கு ஒரு விரல் தள்ளித் தரையில் ஊற்றும். ஊற்றுகிற சத்தம் மாறுவதைக் கேட்டுத்தான் நிறுத்துவான். முதல் மாசம் நானும் அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். இந்த ஊரிலேயே நல்ல லெஃப்ட் ஹாஃப், பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வரும், மறுமாசம் சென்னையில் அவனுக்கு வேலைக்கான செலக்‌ஷன் இருந்தது. இப்போது பாகு கிண்டுகிறான். சகாயதாஸ் அவன் கண்ணை எடுத்துவிட்டான். ஊருக்கே தெரியும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் முரடனாகப் பிறந்தேனா ஆக்கினார்களா என்று ஒரு பத்திரிகைக்காரன் கேட்டான், எனக்குச் சிரிப்பாக வந்தது. லைன் வீட்டில் பிறந்தவன், அம்மா தீப்பெட்டி ஒட்டுவாள், அப்பா லோடு ஏற்றுவார், ஏற்றின லோடுக்கெல்லாம் ராத்திரி எங்களைப் பழிவாங்குவார். அவர் பெல்ட்டை உருவுகிற சத்தம் கேட்டால் கருத்தானைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நான் வாசலில் நிற்பேன். அப்போதே ஃபுல்பேக் ஆகிவிட்டேன் என்று நினைக்கிறேன், பின்னால் ஒருத்தன், முன்னால் ஒருத்தன், நடுவில் நான். முதல் மட்டை கருவேலங்கம்பு, அடியில் வளைந்திருந்ததை வெட்டி, பிடியை மட்டும் சுட்டு நிமிர்த்தினது. சரள் கல் மைதானத்தில் பந்து உருளாது, துள்ளும், எந்தக் கல்லில் பட்டு எவன் பல்லுக்குப் போகும் என்று பகவானுக்குத்தான் தெரியும். என் முழங்காலுக்குக் கீழே ஒரு ஜாண் இடம்கூட வழவழவென்று இருக்காது, தடவினால் மேடும் பள்ளமுமாக ஊர் ரோடு மாதிரி இருக்கும். பதினாறு வயதில் விளையாட்டு ஹாஸ்டலில் எடுத்தார்கள், பத்தொன்பதில் தேசிய முகாமுக்குக் கூப்பிட்டார்கள், பதினோராம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் பஞ்சாப்காரன் ஒருத்தன் என் தட்டைத் தட்டிவிட்டான், தெரியாமல்தான் தட்டியிருப்பான், நான் தட்டாலேயே அவன் மூக்கில் ஒன்று வைத்தேன். எவர்சில்வர் தட்டு. வளைந்த தட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டது ஞாபகம் இருக்கிறது, மூக்கு ஞாபகம் இல்லை. எப்போதும் எனக்கு அப்படித்தான், கைதான் முதலில் போகும், நான் பின்னால் போய்ச் சேர்ந்து என்ன நடந்தது என்று விசாரிப்பேன். இந்தியச் சட்டை போட வேண்டிய உடம்பு, ஆபீஸ் சட்டையோடு நின்றுவிட்டது. இருபத்திரண்டில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்தது, அதற்கப்புறம் அடிப்பதற்கே சம்பளம். மேனேஜர்கள் கைகொடுத்து, நீ ஒருத்தன் நின்னா போதும்ப்பா, எதிராளி கிட்ட வர மாட்டான் என்பார்கள். ஆறு நிமிஷம் முப்பது. கோல். விசில். சகாயதாஸ்தான், பிளாஸ்திரிக் கையாலேயே தள்ளிவிட்டான், அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று. கோல் போட்டவன் கையைத் தூக்கவில்லை, குதிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி நடக்கிறான். திருடினவன் மாதிரி நடக்கிறான். "பாத்தியா, பாத்தியா" என்று கருத்தான் வலையைப் பிடித்து ஆட்டுகிறான், வலை என் முதுகில் இடிக்கிறது, "எங் கண்ண நோண்டின கை, இன்னிக்குக் கோல் போடுது."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பொங்கல் அன்றைக்குத்தான் அது. வேலை கிடைத்து வெளியூர் போன ஆட்டக்காரன் எல்லாம் பொங்கலுக்கு ஊர் வந்தால் அவனவன் தெருவுக்கு ஆட வேண்டும், அது இந்த ஊர் வழக்கம், ஆபீஸ் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பனியனோடு சரள் மைதானத்தில் இறங்க வேண்டும், காலுக்குப் பேடு கட்டினால் கல்யாணத்துக்கா போறே என்று கேட்பார்கள். நானும் கருத்தானும் ஒரு பக்கம். எதிரே ரயில்வே கேட் தெரு, அதில் சகாயதாஸ், இருபத்திரண்டு வயது, கோயில் மாடு மாதிரி கட்டுப்படாத ஓட்டம். இரண்டு தடவை என்னைத் தாண்டினான். இரண்டாவது தடவை மட்டையை என் கால்களுக்கு நடுவில் விட்டுப் பந்தை எடுத்தான், வேஷ்டியைக் கட்டிக்கிட்டு ஆடு சோலை என்று ஒரு குரல், அப்புறம் பொங்கல் கூட்டம் மொத்தமும் சிரித்தது, பெண்பிள்ளைகள் உட்பட. மூன்றாவது தடவை பந்து எங்கள் கோலுக்கு முன்னால் கல்லில் பட்டு எழும்பியது. தாஸ் ஓடி வந்தான், கருத்தான் குறுக்கே வந்தான், நான் நின்றேன். புழுதி. இரண்டு மட்டை ஒன்றாகச் சுழன்றது. தாசின் மட்டை மேலே போனதை எல்லாரும் பார்த்தார்கள், தலைக்கு மேலே போய் நின்றது, அது தப்பு, யாரும் மறுக்கவில்லை. கருத்தான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் வந்தது ரத்தம் மட்டும் இல்லை. "தாசு, தாசு" என்று அவனேதான் சொன்னான், எதிரே நின்றவன் பெயர் என்பதால் சொன்னானோ என்னவோ, அதைத்தான் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். தாஸ் தன் மட்டையைப் பார்த்தான், கருத்தானைப் பார்த்தான், அப்புறம் மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான், சாக்கடையில் விட்டு எடுத்த மாதிரி. எங்கள் தெரு அவனை மொய்த்தது. ஸ்டம்பு மாதிரி நின்று வாங்கினான். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் பந்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

பந்து. ஒவ்வொரு தடவையும் இங்கே வந்துதான் முட்டுகிறது, எந்த வழியாகக் கிளம்பினாலும் இந்தப் பந்துக்கு வந்து நிற்கிறேன், திரும்பிப் போகவும் முடியவில்லை. வெள்ளைப் பந்து. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது, அதன் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. ஃபுல்பேக் பந்தை ஓங்கி அடிக்கும்போது முதலில் ஒதுங்கு என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும், சொந்த ஆட்கள் வழிவிடுவார்கள், இதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், அரைக்கால் சட்டை வயதிலேயே எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். அன்றைக்கு நான் குரல் கொடுக்கவில்லை. காதில் சிரிப்பு இருந்தது, கண்ணில் தாஸ் இருந்தான், எழும்புகிற பந்தை அடிக்கக்கூடாது, நிறுத்தித் தள்ள வேண்டும், நான் அதை அவன் முகத்தைக் குறிபார்த்து அடித்தேன். அடித்தேன் என்பது சரி, குறிபார்த்தேன் என்பதும் சரி, இவ்வளவு நாளும் முதல் பாதியைக்கூட எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு எட்டு தூரத்தில் கருத்தான் குறுக்கே வந்தான். தாசின் மட்டை காற்றைத்தான் அடித்தது. எல்லாரும் தாசை அடித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பந்தின்மேல் காலை வைத்து, ஈரம் போகிற வரைக்கும் சரளில் தேய்த்தேன். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். அதற்குள் ஒருத்தன் வந்து, சோலை, ஒந் தம்பியத் தூக்குடா என்றான். தூக்கினேன். மதுரை போகிற வரைக்கும் என் மடியில்தான் தலை, அண்ணே விட்டுறாத அவன என்றான், விட மாட்டேன் என்றேன். வாக்குத் தவறவில்லை நான். ஒன்பது வருஷம், எந்த ஊரில் எந்த டோர்னமெண்டில் எதிரே வந்தாலும் சகாயதாசை அடித்திருக்கிறேன். கணுக்கால், விலா, தொடை, ஒரு தடவை காது. அவன் ஒரு தடவைகூடத் திருப்பி அடித்ததில்லை, அம்பயரிடம் முறையிட்டதில்லை, விலகினதுகூட இல்லை. நான் மட்டையை ஓங்குவதைப் பார்ப்பான், பார்த்துக்கொண்டே உடம்பை அங்கேயே வைப்பான். அவனும் நம்புகிறான். தன் மட்டைதான் பட்டது என்று அவனே நம்புகிறான். அதுதான் எனக்கு வெறியேற்றும், விலகேன்டா, விலகினால் விட்டுவிடுகிறேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இன்னும் ஓங்கி அடிப்பேன். பயம் எனக்கு ஒன்றே ஒன்றுதான். என்றைக்காவது ஒருநாள் அவன் உட்கார்ந்து யோசித்து, என் மட்டையில் அடிபட்ட உணர்ச்சியே இல்லையே என்று கண்டுபிடித்துவிட்டால். மட்டை வழியாக நமக்கே தெரியும் என்றேன் அல்லவா. அவன் நல்லவன், சந்தேகத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டான்.

மூன்று நிமிஷம் இருபது. கோமதிநாயகம் சார் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். "குடி சோலை. வயசாச்சுடே." குடித்தேன், பாதி நெஞ்சில் ஊற்றியது. பின்னால் கருத்தான் குரலைத் தணித்துக்கொண்டான். "அண்ணே, கோவத்துல வஞ்சுட்டேன், மனசுல வச்சுக்காத. ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஊர்ல எவனும் இப்ப எங் கண்ணப் பத்திப் பேசுததில்ல. பட்டறையில ஒத்தக்கண்ணன்னுதான் கூப்பிடுதான். நீ ஒருத்தன்தான் இன்னும் எனக்காக அடிக்க. நீ அவன அடிச்சேன்னு பேப்பர்ல வந்தா வெட்டி வச்சிருக்கேன். கண்ணு போனா என்ன, அண்ணன் இருக்கான்னு இருக்கும்." இவன் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வைதுகொண்டே இருந்திருந்தால் உள்ளே போய் அந்தக் கையை ஒடித்துவிட்டு டெஸ்பாட்ச் பிரிவில் போய் உட்கார்ந்திருப்பேன், கதை முடிந்திருக்கும். இன்னும் எத்தன வருசம்ணே. நாற்காலியோடு திரும்பினேன். வலைக்கு அந்தப் பக்கம் அந்தச் சுருங்கின இமை, ஒரு முழம்கூட இல்லை. "கருத்தா, அது தாசு மட்டை இல்ல" என்றேன். "என்னது?" "ஒங் கண்ணுல பட்டது எம் பந்து. நாந்தான் அடிச்சேன். சத்தம் குடுக்காம அடிச்சேன். தாசு மட்டை ஒம்மேல படவே இல்ல." நல்ல கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். உள்ளே யாரோ பந்தை வெளியே அடித்தார்கள், கேலரி கத்தியது, ஓய்ந்தது. அவன் அழுவான் என்று நினைத்தேன், காறித் துப்புவான் என்று நினைத்தேன், முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்கூட வைத்தேன். மெதுவாக, "ஒம்பது வருசமா அவன வஞ்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கேன், அவன வஞ்சுக்கிட்டுத்தான் படுக்கேன். இப்ப வந்து ஆள மாத்தச் சொல்லுதியா" என்றான். "இத ஏன் எங்கிட்டச் சொன்ன. ஒனக்குப் பாரம் எறங்கணும்னா சொன்ன?" என் கண் ஸ்டாப்வாட்சுக்குப் போனது. "உள்ள போ" என்றான். "கையத்தான் ஒடிக்கச் சொன்னேன். போயி ஒடி." கோமதிநாயகம் சார் பேனாவால் மேஜையைத் தட்டி, சோலை, டைம் என்றார்.

மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன், ஓடினேன் என்று சொல்ல முடியாது, முட்டி இரண்டும் கட்டையாகியிருந்தன. ஆட்டத்தில் நாலு நிமிஷம் பாக்கி. பக்கக் கோட்டிலிருந்து அவர்களுக்கு ஒரு அடி, எல்லாரும் இடம் பிடித்து நிற்கிறார்கள், நான் போய் சகாயதாசுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவன் செய்ததைச் சொல்ல வேண்டும். பிளாஸ்திரி சுற்றின வலது கையை மட்டையில் இன்னும் கீழே இறக்கி வைத்தான், எனக்கு வசதியாக. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "தாசு, அன்னிக்கு அவங் கண்ணுல பட்டது எம் பந்து. ஒன் மட்டை இல்ல." அவன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கேட்டதா என்று தெரியவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். "அன்னிக்கே தெரியும் எனக்கு" என்றும் சேர்த்துச் சொன்னேன். இப்போது திரும்பினான். அவன் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை, காதுமடலில் நான் கிழித்த இடம் தையல் தழும்பாகக் காய்ந்திருந்தது. "எங்கம்மா சாகுற வரைக்கும் மாதா கோயில்ல முன்னால போயி ஒக்காரலண்ணே" என்றான், "கடைசி பெஞ்சுலதான் ஒக்காந்துச்சு." பந்து உள்ளே வந்தது. கோலுக்கு முன்னால் எட்டுப் பேர் மட்டையும் காலுமாக முட்டிக்கொண்டார்கள், பந்து எவன் காலுக்கடியிலோ இருந்தது, நான் குனிந்தேன், மட்டை வருவதைப் பார்த்தேன். நிதானமாகத்தான் வந்தது, விலகியிருக்கலாம். வாயில் விழுந்தது. அந்த நொறுங்கல் இந்தத் தடவை உள்ளங்கையில் இல்லை, மண்டைக்குள்ளே, மேல்பல் வரிசை முழுக்கக் கேட்டது. டர்ஃபில் கன்னம் பட்டபோது தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது, நாக்கில் பல் துண்டு ஒன்று கல் மாதிரி உருண்டது. விசில் நிற்காமல் ஊதியது. "எங்கண்ணன அடிச்சுட்டான்" என்று ஒரு கத்தல், கருத்தான்தான், எனக்காகக் கத்துகிறான், நான் சொன்னதைக் கேட்டுவிட்டும் எனக்காகத்தான் கத்துகிறான்.

அம்பயர் என்மேல் குனிந்தார். கூட்டத்தில் அவருக்கு மறைத்திருக்கிறது, முகத்திலேயே தெரிந்தது, சிவப்பு அட்டை பாதி வெளியே பாதி பையில். "என்னப்பா ஆச்சு? மட்டையா, பந்தா?" எழுந்து உட்கார்ந்தேன். ரத்தத்தைத் துப்பினேன், கூடவே இரண்டு பல் வந்தது. எனக்கு ஒன்று தோன்றியது, இதையாவது அவனுக்குச் செய்துவிடலாம் என்று. "பந்து சார்" என்றேன், உதடு கிழிந்து குழறியது, மறுபடியும், "பந்துதான் சார், எகிறிப் பட்டுருச்சு." அம்பயர் அட்டையை உள்ளே தள்ளினார். அப்போது சகாயதாஸ் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. "பந்து இல்ல சார்" என்றான். "நாந்தான் அடிச்சேன். பாத்துத்தான் அடிச்சேன்." அவன் கேப்டன் ஓடிவந்து, டேய் வாய மூடுடா, வேலை போயிரும்டா என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். "நாந்தான் சார்." அட்டை மேலே போனது. மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், இவ்வளவு நாளும் நான் பார்த்த குனிந்த நடை இல்லை, நேராக நடந்தான். கேலரி அவனை வைதது, தண்ணீர் பாக்கெட் ஒன்று அவன் முதுகில் விழுந்து உடைந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. டேபிளைத் தாண்டி வலையோரமாகக் கருத்தானைக் கடந்து போனான். கருத்தான் வலையைப் பிடித்தபடி அவனையே பார்த்தான், அவன் கடந்து போனதும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. கண்ணை எடுத்தது தாஸ் இல்லை, என் அண்ணன்தான் என்று கேலரிக்குச் சொல்ல அவனுக்கு மூன்று விநாடிதான் ஆகியிருக்கும். ஸ்ட்ரெச்சர் கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், ரத்தம்தான் வந்தது, படுத்துக்கொண்டேன்.